'இருந்திருந்தால்' சொல்லத் தெரிந்தவருக்கு 'ஹேட் ஹேட்' எதற்குப் பயம்?

கேள்வி அனுப்பியவர் திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் ஆபீஸில் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர்களைக் கவனித்துக்கொள்பவர். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு, அளவு சரிபார்ப்பதற்கான மாதிரி உடையை (ஃபிட் சாம்பிள்) கூரியரில் போட்டுவிட்டு, 'ஐ விஷ் யூ வில் ரிசீவ் த சாம்பிள்ஸ் ஆன் ஃப்ரைடே' என்று மெயில் எழுதியிருக்கிறார். வெள்ளிக்கிழமை கையில் கிடைக்கட்டும் என்று நல்ல வார்த்தை சொல்வதாக நினைப்பு. அங்கிருந்து ஒரே வரியில் பதில் வந்திருக்கிறது: ஏன், பார்சலில் ஏதாவது பிரச்சினையா? மேனேஜர் கூப்பிட்டு விசாரிக்கும் அளவுக்குப் போயிருக்கிறது.

அவர் கேட்பது மூன்று. விஷ்ஷுக்குப் பிறகு வில் ஏன் வரக்கூடாது? இப்போது இல்லாத ஒன்றைச் சொல்ல ஏன் இறந்தகாலம்? 'ஐ விஷ் ஐ ஹேட் ஹேட்' என்று ஒரு புத்தகத்தில் பார்த்தாராம், அது அச்சுப்பிழையா? கூடவே, லேப் டிப் (சாய நிறம் சரிபார்க்க அனுப்பும் மாதிரித் துணி) தாமதமானதற்கு எழுதி வைத்திருக்கும் வருத்தக் கடிதத்தையும் திருத்தித் தரச் சொல்கிறார்.

அச்சுப்பிழை இல்லை. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் பார்சல்.

நம் ஊரில் விஷ் என்றால் வணக்கம், வாழ்த்து. பள்ளிக்கூடத்திலேயே 'டீச்சருக்கு விஷ் பண்ணு' என்று பழக்கிவிடுகிறார்கள். 'ஹீ டிடன்ட் ஈவன் விஷ் மீ' என்றால், எதிரே வந்தும் ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை என்று இந்தியாவில் எல்லாருக்கும் புரியும். லண்டன்காரரிடம் சொன்னால் என்ன விஷ் பண்ணவில்லை என்று யோசிப்பார். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு முக்கியமாக மூன்று வேலை. ஆளையும் வாழ்த்தையும் அடுத்தடுத்து வைத்தால் அது வாழ்த்து: 'ஐ விஷ் யூ எ ஹேப்பி நியூ இயர்'. பின்னால் 'டு' போட்டால் விறைப்பான 'விரும்புகிறேன்': 'ஐ விஷ் டு அப்ளை ஃபார் லீவ்'. இந்த இரண்டிலும் வம்பில்லை. மூன்றாவதில்தான் வம்பு. விஷ் என்று சொல்லிவிட்டு எழுவாயும் வினையுமாக ஒரு முழு வாக்கியத்தைக் கோத்தால், அந்த வாக்கியம் உண்மைக்கு எதிரானது என்று அர்த்தம். அப்படி இல்லை, அல்லது அப்படி நடக்கப்போவதில்லை, அதனால்தான் ஏங்குகிறேன் என்று பொருள். 'ஐ விஷ்' என்று வாசித்த உடனே பையருக்கு வயிற்றைக் கலக்கியது அதனால்தான். சாம்பிள் வெள்ளிக்கிழமை வராது என்பதை இவர் நாசூக்காகச் சொல்கிறார் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

கதவு இன்னும் திறந்திருக்கிறது என்றால் அங்கே ஹோப்தான். 'ஐ ஹோப் யூ ரிசீவ் த சாம்பிள்ஸ் ஆன் ஃப்ரைடே'. ஹோப்புக்குப் பின் நிகழ்காலமும் வரலாம், வில்லும் வரலாம். நம்மைத் தடுமாற வைப்பது நம்முடைய '-ணும்'. 'நீ பாஸ் ஆகணும்', 'மழை பெய்யணும்', 'நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும்' எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே ஈறு. ஆங்கிலம் அதையே மூன்றாகப் பிரிக்கிறது. எதிர்பார்ப்பு என்றால் ஹோப். எனக்கு அது வேண்டும் என்றால் 'ஐ வான்ட் யூ டு பாஸ்'. ஆசீர்வாதம் என்றால் 'மே யூ லிவ் லாங்'. வாழ்க, வாழிய, வாழியர் என்று வகுப்பில் படித்த வியங்கோள் ஞாபகம் இருக்கிறதா, இந்த 'மே' அதற்குத்தான் ஒன்றுவிட்ட சொந்தம்.

இனி பெரிய கேள்வி. கையில் இப்போது குடை இல்லை, அதற்கு ஏன் 'ஐ விஷ் ஐ ஹேட் ஆன் அம்ப்ரெல்லா' என்று இறந்தகாலம்? இதற்கு ஆங்கில இலக்கணப் புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம். 'நாளைக்கு வந்தீங்கன்னா பாத்துக்கலாம்' என்கிறோமே, அந்த 'வந்தீங்க' என்ன காலம்? 'நேத்து வந்தீங்க' என்பதில் இருக்கிற அதே 'வந்தீங்க'. நாளை நடக்க வேண்டியதை நேற்றைய வினையில் சொல்கிறோம், யாரும் திடுக்கிடுவதில்லை. எழுத்துத் தமிழிலும் அப்படித்தான். வந்தால், படித்தால், சாப்பிட்டால், ஓடினால் என்று எதை எடுத்தாலும் இறந்தகால உருவின் மேல்தான் 'ஆல்' ஏறி உட்கார்ந்திருக்கிறது. 'வருகிறால்' என்றோ 'வருவால்' என்றோ தமிழில் கிடையாது. பொருளில் எதிர்காலம், உருவத்தில் இறந்தகாலம். ஆங்கிலத்தின் 'ஹேட்' செய்வதும் இதைத்தான். அது கடிகாரத்தைக் காட்டவில்லை, தூரத்தைக் காட்டுகிறது. நடந்த உண்மையிலிருந்து ஓரடி பின்னால் நின்று பேசுகிறேன் என்று அடையாளம் வைக்கிறது.

மரியாதைக்கும் இரண்டு மொழியிலும் இதே உத்திதான், கவனித்திருக்கிறீர்களா? 'உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன்' என்று தயங்கி ஆரம்பிப்போம். நினைப்பது இப்போதுதான், ஆனாலும் 'நெனச்சேன்'. அவர்களும் 'ஐ வான்டட் டு ஆஸ்க் யூ சம்திங்' என்பார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் தமிழ் நம்மைக் காப்பாற்றாது. நம் 'வந்தால்' நடக்கக்கூடியதற்கும் பொது, நடக்காததற்கும் பொது. எது எது என்று பின்னால் வரும் 'நல்லா இருக்கும்', 'நல்லா இருந்திருக்கும்' பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். ஆங்கிலம் அந்தத் தீர்ப்பை விஷ்ஷிலேயே சொல்லிவிடுகிறது.

அதனால் என் மாலை வகுப்பில் நான் சூத்திரம் எழுதிப் போடுவதில்லை. முதலில் உண்மையைச் சொல் என்பேன். மதுரை மாட்டுத்தாவணி, ராத்திரி பத்தரை. திருநெல்வேலி பஸ் கண்ணெதிரே வளைந்து வெளியே போகிறது. மழை வேறு. இப்போது உண்மைகளைப் பச்சையாக ஆங்கிலத்தில் அடுக்குங்கள். குடை இல்லை: 'ஐ டோன்ட் ஹேவ் ஆன் அம்ப்ரெல்லா'. சீக்கிரம் கிளம்பவில்லை: 'ஐ டிடன்ட் லீவ் ஏர்லி'. வண்டி ஓட்டத் தெரியாது: 'ஐ கான்ட் டிரைவ்'. இரண்டாவது காபியும் குடித்துத் தொலைத்தேன்: 'ஐ ஹேட் எ செகண்ட் காஃபி'. அடுத்து இரண்டே வேலை. இல்லை என்பதை உண்டு ஆக்கு, உண்டு என்பதை இல்லை ஆக்கு. காலத்தை ஒரு படி பின்னுக்குத் தள்ளு. நிகழ்காலம் சிம்பிள் பாஸ்ட் ஆகும்: 'ஐ விஷ் ஐ ஹேட் ஆன் அம்ப்ரெல்லா'. கேன் குட் ஆகும்: 'ஐ விஷ் ஐ குட் டிரைவ்'. ஏற்கெனவே இறந்தகாலமாக இருப்பது இன்னும் ஒரு படி இறங்கி பாஸ்ட் பெர்ஃபெக்ட் ஆகும்: 'ஐ விஷ் ஐ ஹேட் லெஃப்ட் ஏர்லியர்'. காபி, 'ஐ விஷ் ஐ ஹேடன்ட் ஹேட் தட் செகண்ட் காஃபி' என்று முடியும். விஷ் இருக்கும் இடத்தில் இஃப் ஒன்லி போட்டாலும் பின்னால் எதுவும் மாறாது. ஏக்கம்தான் கூடும்: 'இஃப் ஒன்லி ஐ ஹேட் லெஃப்ட் ஏர்லியர்!' தலையில் கை வைத்துக்கொண்டு சொல்வது.

காபி வாக்கியத்திலேயே ஹேட் இரண்டு முறை வந்துவிட்டது. முதல் ஹேட் துணைவினை, காலத்தைப் பின்னுக்குத் தள்ள வந்தது. இரண்டாவதுதான் உண்மையான வினை, ஹேவ் என்பதன் மூன்றாம் வடிவம். 'ஐ விஷ் ஐ ஹேட் ஹேட் மோர் டைம்' என்பதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: இன்னும் கொஞ்சம் நேரம் இருந்திருந்தால்! இரு, மறுபடியும் இரு. முதல் 'இரு' உண்மையான வினை, இரண்டாவது துணைவினை. நாம் துணையைப் பின்னால் வைக்கிறோம், அவர்கள் முன்னால் வைக்கிறார்கள். 'இருந்தால்' என்று மட்டும் சொன்னால் இன்றைய குறை, 'இருந்திருந்தால்' என்றால் போனது போனதுதான். அதேபோல ஒரு ஹேட் என்றால் இன்றைக்கு, இரண்டு ஹேட் என்றால் அன்றைக்கு. 'இருந்திருந்தால்' என்பதை எழுதும்போது யாரும் பிழையா என்று பார்ப்பதில்லை. 'ஹேட் ஹேட்' பார்த்தால் மட்டும் ஏன் கை நடுங்குகிறது?

'ஐ விஷ் ஐ வுட் ஹேவ் நோன்' என்று அமெரிக்கர்கள் சிலர் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். பேச்சில் ஓடுகிறது, தேர்வுத்தாளில் ஓடாது. ஹேட் நோன் என்றே எழுதுங்கள்.

அடுத்தது 'வேர்' என்ற ஆங்கிலச் சொல். ஐ என்றால் வாஸ்தானே, 'ஐ விஷ் ஐ வேர்' எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் நடந்ததைச் சொல்ல ஒரு வினையுருவும், நடக்காததை நினைத்துப் பார்க்க வேறொரு வினையுருவும் இருந்தன. காலப்போக்கில் விகுதிகள் தேய்ந்து இரண்டும் ஒன்றாகிவிட்டன. பி என்ற வினையில் மட்டும் அந்தப் பழைய பிரிவினை தப்பிப் பிழைத்தது. பேச்சில் 'ஐ விஷ் ஐ வாஸ்' என்று அவர்களே சொல்கிறார்கள், குற்றமில்லை. எழுத்தில் வேர் என்றால் மதிப்பு. போலீஸ் ஆள்சேர்ப்பில் ஒரு சென்டிமீட்டர் உயரம் குறைந்து திரும்பி வந்த பையன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான், வயது 24. இன்னும் கொஞ்சம் உயரமாக இருந்தால் என்பதை எழுதச் சொன்னபோது 'ஐ விஷ் ஐ வில் பி டாலர்' என்று எழுதினான். 'இனிமேல் வளர்றதா உத்தேசமா தம்பி?' என்று பக்கத்தில் இருந்த நர்ஸம்மா கேட்டார். வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே வில் பி என்பதை அடித்துவிட்டு வேர் என்று எழுதியதை என் கண்ணால் பார்த்தேன். அதன் பிறகு அவன் அந்தத் தப்பைச் செய்ததே இல்லை.

விஷ்ஷுக்குப் பிறகு வில் வராது, ஆனால் வுட் வரும். இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள், குழம்பாமலும் திட்டு வாங்குகிறார்கள். வுட் வந்தால் அது ஏக்கம் மட்டும் இல்லை, எரிச்சலும் சேர்ந்தது. எதிராளி மனது வைத்தால் செய்யலாம், வைக்க மாட்டேன் என்கிறார், அந்தக் கடுப்பு. மாட்டுத்தாவணியில் பக்கத்தில் ஒருவர் போனில் கத்திக்கொண்டே இருக்கிறார்: 'ஐ விஷ் ஹீ வுட் ஸ்டாப் ஷௌட்டிங்'. தமிழில் இதற்கு அச்சு அசலாக ஒரு வாக்கு இருக்கிறது: கொஞ்சம் மெதுவாப் பேசினாத்தான் என்ன? 'ஆத்தான் என்ன' என்று சொல்லிப் பார்த்துப் பொருந்தினால் வுட் போடுங்கள். மழைக்கும் ஆங்கிலேயன் மனசு வைத்துப் பேசுவான்: 'ஐ விஷ் இட் வுட் ஸ்டாப் ரெய்னிங்', அதாவது இந்த மழை நிக்கக் கூடாதா!

இதிலிருந்தே இரண்டு விலக்குகள் தாமாக வரும். தன்னைப் பற்றி 'ஐ விஷ் ஐ வுட்' என்று சொல்வதில்லை, தன் மேலேயே தான் கோபித்துக்கொண்டு 'செய்தாத்தான் என்ன' என்று கேட்க முடியாதே. அங்கே குட். மனது வைத்து மாற்ற முடியாத நிலைமைக்கும் வுட் கிடையாது. இன்று ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் என்பது 'ஐ விஷ் டுடே வேர் சண்டே'. கிழமை நம் பேச்சைக் கேட்டு மாறாது. மெயில் எழுதுகிறவர்களுக்கு மூன்றாவதாக ஒன்று: 'ஐ விஷ் யூ வுட் ரிப்ளை சூன்' என்று பையருக்கு ஒருபோதும் அனுப்பாதீர்கள். இலக்கணம் சரி, மரியாதை காலி. பதில் போட்டாத்தான் என்ன என்று அவர் மேஜையில் தட்டிக் கேட்பது போலிருக்கும்.

வேகமாகப் பேசும்போது ஹேட், வுட் இரண்டும் 'ட்' என்று சுருங்கிவிடும். 'ஐ விஷ் ஹீ'ட் கம்' என்று காதில் விழுந்தால், அது ஹேட் கம்மா, வுட் கம்மா? கம் என்பதற்கு முதல் வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றே என்பதால் வாக்கியத்தை மட்டும் வைத்துச் சொல்ல வழியில்லை. கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரிக்கும்போது சொன்னால் 'வந்திருக்கக் கூடாதா'. தாலி கட்ட ஐந்து நிமிடம் இருக்கும்போது வாசலைப் பார்த்துச் சொன்னால் 'வரக் கூடாதா'.

இவ்வளவும் விஷ் பற்றி. ஆனால் நாம் அன்றாடம் வருத்தப்படுவது விஷ்ஷில் இல்லை, 'இருக்கலாம்' என்பதில். ஆங்கிலத்துக்குப் போகும்போது தமிழர் அதிகம் சறுக்குவதும் அங்கேதான் என்பது என் அனுபவம். பஸ்ஸைத் தவறவிட்ட ஆசாமி மூன்று வாக்கியம் சொல்கிறார். 'அஞ்சு நிமிஷம் முன்னாடி கிளம்பியிருக்கலாம்.' 'டாக்ஸியில போயிருக்கலாம், காசு அதிகமேன்னு விட்டேன்.' 'அடுத்த பஸ்ஸும் இந்நேரம் கிளம்பியிருக்கலாம்.' மூன்றிலும் ஒரே 'இருக்கலாம்'. முதலாவது செய்யாமல் விட்ட தப்பு: 'ஐ ஷுட் ஹேவ் லெஃப்ட்'. இரண்டாவது கையில் இருந்தும் எடுக்காத வாய்ப்பு: 'ஐ குட் ஹேவ் டேக்கன் எ டாக்ஸி'. மூன்றாவதில் வருத்தமே இல்லை, வெறும் ஊகம்: 'இட் மே ஹேவ் லெஃப்ட்'. தமிழில் குரலும் முகமும் வேறுபடுத்திவிடுகின்றன. மெயிலுக்குக் குரலும் இல்லை, முகமும் இல்லை.

'இருக்க வேண்டும்' என்பதும் இதே ரகம். 'பார்சல் நேத்தே வந்திருக்கணும்' என்று நீங்கள் சொல்வது, வந்துவிட்டது போல என்ற ஊகமா, வந்திருக்க வேண்டியது வரவில்லையே என்ற குறையா? ஊகம் என்றால் மஸ்ட் ஹேவ், குறை என்றால் ஷுட் ஹேவ். ஒரு சொல் மாறினால் கூரியர்காரர் மேல் பாராட்டு புகாராகிவிடும். 'சொல்லியிருக்கக் கூடாது' என்பதில் குழப்பமில்லை, அது ஷுடன்ட் ஹேவ். 'ஓடி வந்திருக்கத் தேவையில்லை, பஸ் இன்னும் நிக்குது' என்பது நீடன்ட் ஹேவ். ஷுட் ஹேவ் என்பதை ஷுட் ஆஃப் என்று எழுதும் ஆங்கிலேயர்களும் இருக்கிறார்கள். காதில் விழுவதை அப்படியே எழுதுகிறார்கள். அதைப் பார்த்து எழுதிவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். முதல் வரி: 'வி ரிக்ரெட் ஃபார் சென்டிங் த லேப் டிப்ஸ் லேட்'. ரிக்ரெட்டுக்குப் பின் ஃபார் வேண்டாம், அது சாரியோடு ஒட்டுவது. செய்துவிட்டதற்கு வருந்தினால் ரிக்ரெட்டுக்குப் பின் இங் வடிவம். இனிமேல் வாயைத் திறந்து கெட்ட செய்தி சொல்லப்போகிறோம் என்றால் டு: 'வி ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ'. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் அர்த்தம் தலைகீழ். 'ஐ ரிக்ரெட் டெல்லிங் யூ' என்றால் உங்களிடம் போய்ச் சொன்னேனே என்று ஆகிவிடும். உங்களுக்கு 'வி ரிக்ரெட் த டிலே இன் சென்டிங் த லேப் டிப்ஸ்' போதும். ரயில்வே அறிவிப்பில் வருகிற மாதிரி 'இஸ் டீப்லி ரிக்ரெட்டட்' என்று எழுத வேண்டாம். அதில் யார் வருந்துகிறார் என்பதே இருக்காது. தப்பு உங்கள் பக்கம் இருக்கும்போது வி என்று முன்னால் நிற்பது நல்லது.

இரண்டாவது வரி: 'வி ஷுட் இன்ஃபார்ம் யூ ஆன் மண்டே'. திங்கட்கிழமை போய்விட்டது, நீங்கள் தெரிவிக்கவில்லை, அதுதானே சொல்ல வருவது? 'வி ஷுட் ஹேவ் இன்ஃபார்ம்ட் யூ ஆன் மண்டே'. ஹேவ் இல்லாவிட்டால் வருகிற திங்கள் என்று எடுத்துக்கொண்டு காத்திருப்பார்.

மூன்றாவது வரி: 'வி விஷ் திஸ் வில் நாட் ஹேப்பன் அகைன்'. மறுபடியும் அதே விஷ், அதே வில். சாம்பிள் மெயிலில் விஷ்ஷுக்குப் பதில் ஹோப் போட்டேன். இங்கே விஷ்ஷை எடுத்தே விடுகிறேன். ஹோப் போட்டாலும் இந்த இடத்தில் நன்றாக இராது, நடக்காது என்று நம்புகிறோம், பார்ப்போம் என்பது போல் இருக்கும். 'திஸ் வில் நாட் ஹேப்பன் அகைன்' என்று மட்டும் நிற்கட்டும். அது வாக்குறுதி. அனுப்பு பட்டனை அமுக்குவதற்கு முன்னால் டையிங் யூனிட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.